மசக்கை மண்

வங்கதேசத்து ஹபிகஞ்ச் சந்தையில், தின்பதற்கென்று சுட்ட மண் வில்லை விற்பவள் நான், ஜோரினா. என் கூடையைக் கண்டால் மசக்கைக்காரிகளுக்கு எச்சில் ஊறும். குழைத்து, வெட்டி, புகைபோட்டுச் சுட்டால் அப்படியொரு மழை வாசனை. என் மருமகள் ஷெஃபாலி, மூத்தவன் டுலாலின் பெண்டாட்டி, கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கென்றே ஒரு பானை நிறைய எடுத்து வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சுகாதார ஊழியர் மொனோவாரா வந்து தொலைத்தாள்.

"இந்த மண்ணுல ஈயம், ஆர்சனிக் எல்லாம் இருக்கு அக்கா. தாய் ரத்தம் வழியா பிள்ளைக்குப் போயிடும். எடை குறையலாம், மூளை வளர்ச்சி கெடலாம், குறையோடகூடப் பொறக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போடி, பெரிய டாக்டரு! நான் இதத் தின்னுதான் மூணு பெத்தேன். என் மூத்தவன் டுலாலுக்கு என்ன குறை?"

"அரிசி வாங்கப் போயி வாத்தோட வர்றாரே, அது போதாதா அத்தை?" என்றாள் ஷெஃபாலி. எல்லோரும் சிரித்தோம். டுலால்தான் பலமாகச் சிரித்தான்.

சிரித்து முடித்ததும் டுலாலையே உற்றுப் பார்த்தேன். மண்ணாலா, பிறவிக் குணமா? மொனோவாராவுக்கும் சொல்லத் தெரியவில்லை. பானையைத் தூக்கிக் குப்பைக்குழியில் கவிழ்த்தேன். "ஐயோ, ஒரே ஒரு துண்டு!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள் மருமகள்.

மறுநாள் காலை வழக்கம்போல் கூடையைத் தலையில் ஏற்றினேன்.

"என் வயித்துக்கு ஆகாதது மத்தவ வயித்துக்கு மட்டும் ஆகுமா அத்தை?"

"வாய மூடு!" என்று சீறிவிட்டு நடந்தேன்.

சந்தையில் கூடையை இறக்கியதுமே ஏழு மாதக்காரி ஒருத்தி கையை நீட்டினாள். "சித்தி, நல்லா கருகினதா நாலு குடுங்க."

பழக்கதோஷம், கொடுத்துவிட்டேன். அவள் வாயருகே கொண்டுபோனதும் பட்டென்று தட்டிவிட்டேன்.

"என்ன சித்தி, கிறுக்கா?"

"ஆமாண்டி, நேத்துலேர்ந்து!" கூடையைச் சாலைப் பள்ளத்தில் கொட்டி, ஏறி மிதித்தேன். "இதுல விஷம் இருக்காம். இதுவரைக்கும் எவ்வளவு தின்னிருப்ப?"

"மூணு மாசமா தினம். எல்லாம் உங்க கூடையிலதான்."

மிதிப்பதை நிறுத்தி அவள் வயிற்றைப் பார்த்தேன். "இனிமே தொடாத. நாக்கு கேட்டா கொய்யா தின்னு. பெத்ததும் பிள்ளைய எங்கிட்டதான் முதல்ல காட்டணும். பத்து விரலையும் நான் எண்ணிப் பார்க்கணும், தெரியுதா?"

அவள் கையைப் பிடித்து மொனோவாராவிடம் இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டினாள், நான் அவளைத் திட்டினேன், பிடியை மட்டும் விடவில்லை.