பன்னிரண்டாம் பக்கத்து விளம்பரம்

எல்லை ஊரான மே சோட்டில் அந்த மாடி அறைக்குள் தின்சார் நடந்த நடையை நேராக நடந்திருந்தால், எல்லை ஆற்றைத் தாண்டி பர்மாவின் மோன்யுவாவில் இருக்கும் தன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். தாய்லாந்தில் தங்குவதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை, தெருவில் போலீஸ். நடக்க வாய்த்தது அந்தப் பத்தடிதான்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் டீச்சர் வேலையை உதறிவிட்டு ஊர்வலத்தில் போனவள் அவள். இப்போது வார்டு அதிகாரி அவள் வீட்டுக்குக் கெடு வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் ‘இவள் எங்கள் மகள் இல்லை’ என்று அரசாங்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குச் சீல், அப்பாவுக்குச் சிறை. ஊரில் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

“போட்டுடுங்கப்பா. வெறும் காகிதம்தானே,” என்று போனில் கெஞ்சினாள்.

“வாயாலயே சொல்ல வரல, அச்சுல வேற போடணுமா? போய்ச் சாப்பிடு,” என்று வைத்துவிட்டார்.

அறைத்தோழி ஏய் மோன் மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை நீட்டினாள். “எங்கப்பா என் எட்டாங்கிளாஸ் போட்டோவோட போட்டாரு, எண்ணெய் வழியிற மூஞ்சி. மறுநாளே போன் பண்ணி, நல்லா வந்திருக்கான்னு கேக்குறாரு.”

தின்சாருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் பிடிவாதத்தை நினைத்தால் எரிச்சல், உள்ளூரச் சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் வெட்கம்.

வெள்ளிக்கிழமை காலை போனில் பத்திரிகை வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், அம்மாவின் பெயரில் இருந்தது: ‘சொல்பேச்சு கேளாமல் பலமுறை மனவேதனை கொடுத்ததால், மகள் தின்சாரையும் கணவர் ஊ தெய்ன் மாவுங்கையும் இன்றுமுதல் கைவிடுகிறேன். அவர்கள் செய்யும் எதற்கும் நான் பொறுப்பல்ல.’

கணவரையுமா? மூன்று தடவை படித்தாள். அதற்குள் தெரியாத எண்ணிலிருந்து போன் அடித்தது.

“ஆத்தைத் தாண்டிட்டேம்மா.” அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. “கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அப்ப நீங்களும் அவகிட்டயே போங்கன்னு உங்கம்மா பையைக் கட்டிக் குடுத்துட்டா. வீடு அவ பேர்ல இருக்கு, இனிமே தொட மாட்டாங்களாம்.”

“அம்மா வரலையா?”

“எல்லாரும் போயிட்டா வீட்டை யாரு பாக்குறதுன்னு கேட்டா.”

“இப்ப பேசினீங்களா அவங்ககிட்ட?”

“போட்டேன். எடுத்தா. நீங்க யாருன்னு தெரியலையேன்னு சொல்லி வெச்சுட்டா. அந்த வார்டு ஆளு பக்கத்துல இருந்திருப்பான்.”

அவர் பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது.

“இருந்திருப்பான்ல?” என்று கேட்டார் அப்பா.