மூன்றாவது ரயில்

சிவப்பு ரயில் நின்றது. அங்கே ஸ்டேஷன் எதுவும் இல்லை.

ஃபாபிரிஸ் நாற்காலியிலிருந்து அசையாமல் பார்த்தான். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. பெரிய மார்க்கெட்டின் சத்தம் அடங்கிவிட்டிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பக்கத்து அறையில் அவனுடைய அக்கா அஞ்செல் தூங்கிக்கொண்டிருந்தாள். நீல ரயில் வளைவைச் சுற்றி வந்து, சிவப்பு ரயிலுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றது. இரண்டும் எதற்கோ காத்திருந்தன.

அவன் தட்டிப் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் கழித்து, யாரோ அனுமதி கொடுத்ததுபோல, சிவப்பு ரயில் தானாகப் புறப்பட்டது. நீலம் பின்தொடர்ந்தது.

அந்த ரயில்கள் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆனவை. தண்டவாளமும் துண்டு துண்டாகச் சொருகுவதுதான். மகள் க்ளோயேவுக்காக ஃபாபிரிஸ் பிரான்சிலிருந்து தருவித்தவை. க்ளோயே அம்மாவோடு துலூஸில் இருந்தாள். பெற்றோர் பிரிந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. இந்த டிசம்பர் விடுமுறைக்கு முதல்முறையாகத் தனியாக வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டரில் வெப்கேம் முன்னால் உட்கார்ந்து அவளிடம் பேசுவான். பள்ளி எப்படி என்று கேட்பான். நல்லாயிருக்கு என்பாள். பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தால் அவளோடு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பேச்சுக்குப் பதில் ரயில் ஓடும் என்று நினைத்தான். இரண்டு ரயில்கள், ஒரே பாதை, ஒன்றோடொன்று மோதாமல், கை வைக்காமல்.

கை வைக்காமல் ஓடச் செய்தது நிர்மலா. ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஃபாபிரிஸ் ஸ்டோர்ஸ் பார்க்கிறான்; நிர்மலா அங்கே பேக்கிங் லைனின் எலக்ட்ரானிக்ஸைப் பார்க்கிறாள். பாதையை ஐந்து பகுதிகளாகப் பிரித்தாள். ஒவ்வொரு பகுதியிலும் தண்டவாளங்களுக்கு நடுவே வானத்தைப் பார்க்கும் சிறு சென்சார் ஒன்றை வைத்தாள். ரயில் மேலே வந்தால், தான் விடும் வெளிச்சம் அதன் அடியில் பட்டுத் திரும்புவதைப் பார்த்துச் சென்சார் சொல்லும். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் அதைக் கேட்டுக்கொண்டு, முன்னால் உள்ள பகுதியில் ரயில் இருந்தால் பின்னால் வருவதற்குக் கரண்டை நிறுத்தும். அவ்வளவுதான்.

மாலையில் கம்பெனி விட்டதும் நிர்மலா வந்தாள். ரயில்கள் ஒழுங்காக ஓடின.

"எங்க சார் நிக்குது?"

"நிக்கும். சில நேரம் நிக்குது."

"சில நேரம்னா?"

"சில நேரம்தான்."

அவள் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தண்டவாளத்தைத் துடைத்தாள். கடல் காற்றுக்கு எல்லாம் பூத்துப்போகும் என்றாள். இன்னொரு மாலை வந்து அடாப்டரை மாற்றினாள். பிறகு ரிலேக்களை மறுபடி சால்டர் செய்தாள். லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாள். வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு ரயில்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையில் போயின.

"என்னைப் பாத்தா பயந்துடுது சார்."

"நீ போன மறுநாளே ஆரம்பிச்சுடுது."

"மறுநாள் எப்போ?"

ஃபாபிரிஸ் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "மத்தியானம்."

"அத ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

அவனுக்கு ஸ்டோர்ஸ் வேலை காலை ஷிப்டில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் ஜன்னல்களை மூட வேண்டும். எல்லோரும் படுக்க வேண்டும். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த காலத்திலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான். அஞ்செல் அதைச் சியெஸ்த் என்பாள். அந்த நேரத்தில் கடைகள் இருக்காது, மனிதர்கள் வர மாட்டார்கள், யாருடைய பேச்சிலும் அந்த நேரம் வராது. தான் தூங்குவதில்லை என்று நாற்பது வயதிலும் அவன் அக்காவிடம் சொன்னதில்லை.

"நான் மத்தியானம் வந்து பாக்கணும்," என்றாள் நிர்மலா.

"யாரும் வரமாட்டாங்க அந்த நேரத்துல."

"ரயிலு வருதுல்ல."

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வீடு இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. வெளியே வெயில் ஒரு சத்தம்போல இருந்தது. கதவு மூடியதும் நின்றுபோனது. அஞ்செலின் மூச்சு அறைக்கு அறை கேட்டது. சுவர்க் கடிகாரம்கூட யோசித்துத்தான் நகர்ந்தது.

இருவரும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ரயில்கள் சுற்றின. சக்கரச் சத்தம் யாரோ தூரத்தில் அரிசி புடைப்பதுபோல இருந்தது. நிர்மலாவுக்குக் கண் சொருகியது. தலை நிமிர்ந்தபோது சிவப்பு ரயில் நின்றிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மேசையையே பார்த்தாள். ஜன்னல் கதவின் மேல் பகுதியில் ஒரு சாய்வுப் பலகை எப்போதோ உடைந்து விழுந்திருந்தது. அந்த இடைவெளி வழியாக ஒரு பட்டை வெயில் இறங்கி மேசையைக் குறுக்கே கடந்தது. சென்சாரின் மேல் கிடந்தது. அதற்குள் தூசு மெல்ல ஏறி இறங்கியது.

நிர்மலா உள்ளங்கையை நீட்டி வெயிலை மறைத்தாள். சிவப்பு ரயில் புறப்பட்டது.

கையை எடுத்தாள். நீல ரயில் நின்றது.

"வெயிலப் பாத்தா சென்சாருக்கு ரயில்னு தோணுது சார்," என்றாள் மிக மெதுவாக. "முன்னாடி ஒரு ரயில் நிக்குது, அது போகட்டும்னு காத்திருக்குதுங்க. நமக்குத்தான் ரெண்டு ரயிலு. அதுக்கு மூணு."

சியெஸ்த் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தார்கள். வெயில் பட்டை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்து, ஒரு சென்சாரை விட்டு அடுத்ததற்குப் போனது. மூன்றாவது ரயில் அவ்வளவு மெதுவாக ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரை முன்னால் சொல்ல ஒன்றும் இல்லாதபோது ஃபாபிரிஸ் அதைச் சொன்னான். க்ளோயே சிரித்தாள். அதன் நிறம் என்ன என்று கேட்டாள். மஞ்சள் என்றான். இரவில் எங்கே போகும் என்று கேட்டாள். அவன் யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் அவளே கேட்டாள்: மூன்றாவது ரயில் வந்ததா? மழை என்றான். மழைக்கு அது லீவா? ஆமாம், லீவு.

மழைக்காலம் முழுவதும் நிர்மலா மாலைகளில் வந்தாள். வேறு வகைச் சென்சார்களை வாங்கிவந்தாள். டிவி ரிமோட் மாதிரி, தனக்கென்று துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பவை, வெயிலைக் கண்டுகொள்ளாதவை. ஐந்தையும் மாற்றினாள். புரோகிராமைத் திருத்தினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். ரயில்கள் நிற்கவில்லை. மகள் வரும்போது ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று ஃபாபிரிஸ் சொல்லிக்கொண்டே இருந்தான். சரிசெய்ததை அவளிடம் சொல்லவில்லை. நேரில் பார்க்கட்டும் என்றிருந்தான்.

க்ளோயே வந்தாள். வெப்கேமில் தெரிந்ததைவிட உயரமாக இருந்தாள். அஞ்செல் இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "எலும்பா இருக்காளே! அவ அம்மா என்னத்தத்தான் சமைக்கிறா?" என்றாள். க்ளோயேவுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. சிரித்துவைத்தாள்.

சாப்பாடு முடிந்தது. ஜன்னல்கள் மூடப்பட்டன. துலூஸில் அப்போது காலை. அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? அஞ்செல் தூங்கியதும் ஃபாபிரிஸ் அவளை விரல் அசைத்துக் கூப்பிட்டான். இருவரும் வெறுங்காலோடு மேசை இருந்த அறைக்குப் போனார்கள். அவன் சுவிட்சைப் போட்டான்.

ரயில்கள் சுற்றின. ஸ்டேஷனில் மட்டும் நின்றன, நேரத்துக்குப் புறப்பட்டன.

க்ளோயே மேசையின் விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு பிரெஞ்சில் கேட்டாள்: "மூணாவது எப்ப வரும், பப்பா?"

"அது பழுது. சரி பண்ணியாச்சு."

அவள் கொஞ்ச நேரம் ரயிலைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். நன்றி என்றாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவன் விரலை அசைத்தபோது தலையை ஆட்டி மறுத்தாள். அதற்கு மறுநாள் அவன் கூப்பிடவில்லை. ஆளில்லாத அறையில் ரயில்கள் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த அரிசி புடைக்கும் சத்தத்தைக் கேட்டபடி அவன் படுத்திருந்தான். விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் ஏர்போர்ட்டில் இன்னொரு முறை நன்றி என்பாள், போய்விடுவாள்.

அவன் வாசலுக்கு வந்து நிர்மலாவை செல்போனில் அழைத்தான்.

"அந்தப் பழுதைத் திரும்ப வைக்க முடியுமா?"

அந்தப் பக்கம் கன்வேயர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சார், வெளையாடறீங்களா? மழையில நனைஞ்சு நனைஞ்சு வந்து சரி பண்ணேன்."

"தெரியும்."

"வேலைய கெடுக்கறதுக்கு ஒரு வேலையா?"

"அவ அதப் பாக்கத்தான் வந்தா நிர்மலா. எனக்குத்தான் தெரியல."

மறுநாள் மத்தியானம் நிர்மலா வந்தாள். இந்த முறையும் செருப்பு கையில். க்ளோயே படுக்கையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். நிர்மலா பழைய சென்சார்களை ஒவ்வொன்றாகப் பொருத்துவதையும், லேப்டாப்பிலிருந்து பழைய புரோகிராமை ஏற்றுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். சுவிட்சைப் போட்டார்கள்.

ரயில்கள் ஓடின. நிற்கவில்லை.

இன்னொரு சுற்றும் நிற்கவில்லை.

நிர்மலா மேசையைப் பார்த்தாள். அதன்மேல் வெயில் இல்லை. புரட்டாசியில் மேசை மேல் விழுந்த பட்டை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததில், அறைக்குள் நீண்டு மேசையைத் தாண்டித் தரையில் கிடந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்பப் பாத்து ஒழுங்கா ஓடுது சார்."

ஃபாபிரிஸ் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் பிடித்து மேசையை இழுத்துப் பார்த்தான். கனத்த தேக்கு, அசையவில்லை. ஜன்னலைத் திறக்கலாமா என்று நிர்மலா ஜாடை காட்டினாள். திறந்தால் அறை முழுதும் வெளிச்சம். எல்லாச் சென்சாரும் குழம்பிப்போகும்.

க்ளோயே தரையில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். பிறகு இரண்டு ரயில்களையும் தூக்கித் தரையில் வைத்தாள். வளைவின் ஓரத்தில் விரலை நுழைத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கினாள். டக் என்று சத்தம் வந்தது.

ஃபாபிரிஸின் கை தானாக நீண்டது. அந்தப் பாதையை அவன் ஸ்கேல் வைத்து நேர் பார்த்துச் சொருகியிருந்தான். சொருகிய நாளிலிருந்து யாரையும் தொடவிட்டதில்லை.

"விடுங்க சார்," என்றாள் நிர்மலா. "புடுங்கி மாட்டத்தானே பண்ணியிருக்காங்க."

அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு அதே கையால் அடுத்த துண்டைப் பிடுங்கினான்.

மூவரும் தரையில் மண்டியிட்டார்கள். சிவப்புத் தரை குளிர்ந்திருந்தது. நிர்மலா ஒயர்களை அவிழ்த்து நீட்டி, எந்தப் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி என்று விரலால் காட்டினாள். க்ளோயே சொருகினாள். ஃபாபிரிஸ் ஒரு துண்டைத் தலைகீழாகக் கொடுத்தான்; அவள் "நோ, பப்பா" என்று திருப்பி வாங்கினாள். இன்னொன்றைக் கொடுத்தான், "நோ, நோ" என்று முழங்கையால் இடித்தாள். வட்டம் வரவில்லை. நாற்காலிக் காலைச் சுற்றி, சுவர் ஓரமாகப் போய், கோணல்மாணலாக ஒரு பாதை வந்தது. ஒரே ஒரு இடத்தில் அது வெயிலைக் கடந்தது.

"என்னடா சத்தம்?"

அஞ்செல் வாசலில் நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. தம்பி தரையில். பக்கத்தில், மாலையில் மட்டும் வரும் அந்தப் பெண். கடிகாரத்தில் மூன்றுகூட ஆகவில்லை.

"அக்கா, அது வந்து..."

"டேய் ஃபாபி. நீ தூங்கறதே இல்லியா?"

க்ளோயே அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அஞ்செலின் வாய் மூடிக்கொண்டது. அந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிச் செய்ததில்லை. "மன்னிச்சுடுங்க மதாம்," என்று நிர்மலா முணுமுணுத்தாள். அஞ்செல் அவளைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

க்ளோயே சுவிட்சைப் போட்டாள்.

சிவப்பு ரயில் நாற்காலியைச் சுற்றியது. சுவர் ஓரமாக வந்தது. வெயிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நீல ரயில் வந்து அதன் பின்னால் நின்றது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பட்டைக்குள் தூசு ஏறி இறங்கியது. நிற்கிற ரயிலில் ஆட்கள் ஏறி இறங்குவதுபோல இருந்தது.

"இது போக எவ்வளவு நேரம் ஆகும்?" க்ளோயே கிசுகிசுத்தாள்.

ஃபாபிரிஸ் ஜன்னலைப் பார்த்தான். "தெரியல. பாக்கலாம்."

அவள் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தாள். அங்கே கையால் இரண்டு முறை தட்டினாள்.

அவன் அங்கே படுத்துக்கொண்டான்.