மல்பெரிக் கட்டையின் எடை

வில் வாங்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எப்போ கிடைக்கும்?" என்பதுதான். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வரும். "மரத்தைக் கேட்டுச் சொல்றேன், போயிட்டு வாங்க" என்பேன். கூடவே "பதறாத காரியம் சிதறாது" என்று ஒரு பழமொழியையும் கையில் கொடுத்து அனுப்புவேன். என் வாயால் கெட்ட வியாபாரம் கொஞ்சநஞ்சமில்லை என்பாள் என் தங்கை. அவள் மட்டும் என்ன வாழ்ந்தது? அவளுக்கு ஊசி என்று பேர் வைத்ததே நான்தான். உடம்பும் ஊசி, வாயும் ஊசி.

நான் வில் செய்கிறவள், அவள் எய்கிறவள். சின்ன வயதிலேயே எங்களுக்குள் பாகம் பிரிந்துவிட்டது. எனக்குக் குறி வராது, அவளுக்கு உளி பிடிக்க வராது. ஆனால் மரம் பார்க்க அவளுக்குத் தெரியும். என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எய்யப்போகிறவர்தான் மரத்தைப் பொறுக்க வேண்டும். நான் கட்டைகளைப் பிளந்து சுவரோரம் சாத்திவைப்பேன். அவர்கள் தூக்கி, தட்டி, தடவிப் பார்த்து, "இது" என்று சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் வழவழப்பைப் பார்த்து மயங்கி உதவாக்கரையை எடுப்பார்கள், நான் வாங்கு வாங்கென்று வாங்குவேன். ஊசி எடுத்ததை மட்டும் நான் ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை.

அவள் வயிற்றில் வந்த நோயைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மருந்து பலிக்கவில்லை. அடுத்த மருந்து கடுமையானது. "எடை குறையறது நின்னாதான் அதை ஆரம்பிக்க முடியும்" என்றார் டாக்டர். வாராவாரம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். அவள் புருஷன் மருந்துக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிற மனுஷன், அந்த எடை மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி மைதானத்து மல்பெரி மரம் காற்றில் சாய்ந்தது. இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் நின்ற மரம். ஊசி எய்யக் கற்றுக்கொண்ட காலத்தில் பலகையைத் தப்பிய அம்பெல்லாம் அதில்தான் போய்க் குத்தும். காவலாளி போன் செய்ததும் வண்டி பிடித்து அடிமரத்தைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டேன். செய்தி கேட்டு ஊசி மறுநாளே வந்து நின்றாள். மாடிப்படி ஏற முடியாதவள், கடைப்படி ஏறி வந்துவிட்டாள்.

"அக்கா, இதுல எனக்கு ஒரு வில் போடு."

"பச்சை மரம்டி. காய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நல்லாக் காஞ்சது உள்ளே கிடக்கு, அதுல போட்டுத் தரேன்."

"இது என் மரம். என்கிட்ட இவ்வளவு அடி வாங்கியிருக்கு. ஒரு அம்பு, ஒண்ணே ஒண்ணு, இதுல விட்டுட்டாப் போதும்."

நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல? அவள் கண்ணைப் பார்த்து ஒரு வருஷக் கணக்குப் பேச எந்த அக்காவுக்கு வாய் வரும்?

ஆப்பு வைத்துப் பிளந்தேன். ரம்பத்தால் அறுத்தால் நார் வெட்டுப்படும். பிளந்தால் மரம் தன் நாரோடு தானே வழிவிடும். வில்லுக்குப் பிடிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் பிடியில் வந்து சேரும். நாங்கள் கை என்றுதான் சொல்வோம். இரண்டு கையும் ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த கட்டைகளாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றுபோல வளையும். இந்த மரத்திலோ பிளக்கப் பிளக்க இரும்பு. துருப்பிடித்த அம்பு முனைகள். ஒவ்வொரு முனையைச் சுற்றியும் மரம் கறுத்து, நார் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அந்த இடத்தில் வளைத்தால் உடைந்துபோகும்.

"அடிப்பாவி, பலகைன்னு ஒண்ணு நின்னது உன் கண்ணுக்குத் தெரியவே இல்லையா?" என்றேன்.

"பலகையில குத்தினதையும் எண்ணுவியா, குத்தாததை மட்டும் எண்ணுவியா?" என்று நாற்காலியில் சாய்ந்தபடியே சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கிற்று.

கட்டைகளை ஒவ்வொன்றாக அவள் மடியில் வைத்தேன். தூக்க அவளுக்குத் தெம்பில்லை, நான் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் நாரைத் தொடர்ந்து போனாள். மரத்தின் நடு வைரம் மஞ்சளாக, நல்ல இறுக்கமாக இருந்தது. மத்தியானம் முழுக்கப் பார்த்து, கறை படாத ஒரு ஜோடியை எடுத்தாள். நான் பொறுக்கியிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

பட்டையை உரித்து, இரண்டு முனைக்கும் மெழுகு பூசி, முள் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். பச்சை மரம் ஈரம் போகப் போக எடை குறையும். எந்த வாரம் குறையாமல் நிற்கிறதோ, அன்றைக்கு மரம் தயார். வாராவாரம் எடை பார்ப்பது என் தொழிலில் சோறு தின்பது மாதிரி. அதற்கும் திங்கட்கிழமைதான். அது எப்போதோ வைத்த நாள், வேண்டுமென்று வைத்ததில்லை.

ஆக, திங்கட்கிழமை காலையில் கடையில் ஒரு தராசு, ஆஸ்பத்திரியில் ஒரு தராசு. இங்கே முள் இறங்க வேண்டும், அங்கே இறங்கக் கூடாது. நான் கட்டையை நிறுத்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போடுவேன்.

"குறைஞ்சிருக்கா, மாப்பிள்ளை?"

"குறைஞ்சிருக்குக்கா."

அவ்வளவுதான் பேச்சு. கட்டையும் குறைந்தது. ஆனால் அவள் குறைகிற வேகம் கட்டைக்கு இல்லை. சனியன் பிடித்த மரம் ஆமையாக நகர்ந்தது. ஒருநாள் அதன் முன்னால் நின்று, "உனக்கென்ன, சாவகாசமாக் காயற!" என்று கத்தினேன். வெளியே போன தபால்காரர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஊரில் யார் செய்திருந்தாலும் காறித் துப்பியிருப்பேன். பலகையால் நீளமாக ஒரு பெட்டி அடித்து, உள்ளே பல்புகளைப் போட்டு, ஜோடியை அதற்குள் வைத்து மூடினேன். மரத்தை அவசரப்படுத்தினால் மேல் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும், இரண்டும் இழுபறி போட்டு மரம் வெடிக்கும். எனக்குத் தெரியாதா? நெருப்பு சுடும் என்று தெரிகிற மாதிரி தெரியும். ஆனாலும் வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை முள் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன். இந்த வேகத்தில் போனால் அவள் கையில் வில்லைக் கொடுத்துவிடலாம், அவள் நின்று எய்வாள், உட்கார்ந்தாவது எய்வாள் என்று மனக்கோட்டை கட்டினேன்.

உளி தீட்டிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் சத்தம் கேட்டது. திறந்தால் ஒரு கை நுனியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. விரல் நுழைகிற அளவுக்கு வாய். இன்னொன்றிலும் விரிசல் ஓடியிருந்தது. அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்து அழுதேன்.

அவளிடம் மறைக்க முடியாது. பொய் சொன்னால் என் மூக்கு விடைக்கும் என்பாள். வண்டியில் மீதிக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை முழங்கைவரை வெறும் எலும்பு. சொன்னேன்.

தலையை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "பதறாத காரியம் சிதறாது" என்றாள், என் குரலிலேயே.

"கிண்டல் பண்ணாதடி. நான் செத்துட்டு வந்திருக்கேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா? பல்பு போட்டியாம் பல்பு! கோழிக்குஞ்சா பொரிக்கப் போற?"

கட்டில் ஆடச் சிரித்தாள். மாப்பிள்ளை பதறி ஓடிவந்தார். அப்புறம் அவள், "மிச்சத்தைக் கொண்டா" என்றாள். மரப்பட்டையும் தூசியும் படுக்கையெல்லாம் கொட்டியது. அவர் கட்டையின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை அவள் எடுத்த ஜோடியில் ஒன்றில் அடிப்பக்கம் இரும்பு இருந்தது. கறுப்பாக, கட்டைவிரல் அகலத்துக்குக் கறை.

"இது வேண்டாம், ஊசி. அம்பு முனை உள்ளேயே இருக்கு."

"எங்கே இருக்குன்னு பாரு. பிடிக்கு வர்ற இடம். பிடி வளையாது, உடையவும் உடையாது. என் உள்ளங்கை அதுமேலதான் வரும்."

பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். எனக்குத் தோன்றவே இல்லை.

"இதை நீ சுட்டேன்னு வெச்சுக்கோ, சும்மா விடமாட்டேன்" என்றாள். "தானாக் காயட்டும்."

"அப்போ நீ..."

"எனக்குக் கிடைக்காதுக்கா. எனக்குத் தெரியாதா? மரம் பார்க்கத் தெரிஞ்சவளுக்கு உடம்பு பார்க்கத் தெரியாதா?" கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். இதையாவது நல்லபடியாக் காய விடு."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த மருந்தை அவளுக்கு ஆரம்பிக்கவே இல்லை. கடைசிவரை அந்த மெஷின் ஒரு திங்கட்கிழமைகூட இரக்கம் காட்டவில்லை. அவள் இறந்துபோன வாரமும் நான் கட்டையை எடை பார்த்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. போன் போடக் கையை எடுத்து, யாரிடம் என்ன கேட்பதென்று அப்படியே வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மாப்பிள்ளை தானே கடைக்கு வந்தார். மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தராசைப் பார்த்தபடி, "குறைஞ்சிருக்காக்கா?" என்றார். "குறைஞ்சிருக்கு" என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு வாராவாரம் வந்தார். நானும் இரண்டு டம்ளர் வைக்கப் பழகிக்கொண்டேன்.

வெயிலும் மழையும் மாறி மறுபடி வெயில் வந்தது. ஒரு திங்கட்கிழமை தராசில் மாட்டினேன், முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. நம்பாமல் கழற்றி மறுபடி மாட்டினேன். அசையவில்லை. தட்டினேன், வெண்கலம் மாதிரி கணீரென்றது. இருபத்தைந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு கட்டையை நான் தொட்டதில்லை. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கோணல் இல்லை. அவள் உள்ளங்கை வரவேண்டிய இடத்தில் அந்தக் கறுப்புக் கறை. மரம் தயார்.

தயாரான மரத்தை அப்புறம் எடை பார்க்க வேண்டியதில்லை. உளியை எடுக்க வேண்டியதுதான். உளியை எடுத்தேன், வைத்தேன். வில்லின் நீளத்தை எய்கிறவரின் கையை அளந்துதான் போட வேண்டும். யார் கையை அளப்பேன்? வாடிக்கையாளர் ஒருவர் அந்த ஜோடியைப் பார்த்துவிட்டு, "இது எப்போ கிடைக்கும்?" என்று கேட்டார். எப்போதும் வரும் கோபம்கூட வரவில்லை. "அது வேற ஒருத்தங்க பொறுக்கினது" என்றேன்.

அதனால் இன்னும் திங்கட்கிழமைகளில் நிறுக்கிறேன். அவசியமில்லை என்று எனக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். முள் நின்றதிலிருந்து அவர் எடையைக் கேட்டதில்லை. இன்றைக்கும் வந்தார். செருப்பை வாசலில் விட்டார், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கட்டையைத் தராசில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தேன். முள் ஆடி நின்றது.

"குறைஞ்சிருக்காக்கா?"

"இல்ல மாப்பிள்ளை," என்றேன். "இந்த வாரம் குறையல."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் டீயை ஊற்றினேன்.