பை வைக்காத சட்டைகள்

பாட்டில் தொழிற்சாலையின் சீருடைகளில் பைகள் தாமாக முளைத்தன. கண்ணாடித் தூள் விழுந்து தங்கிவிடும் என்பதால் அங்கே சட்டைக்குப் பை கூடாது; தையல்காரியும் வைப்பதில்லை. ஆனாலும், போட்டுக்கொண்ட ஆள் உலைக்கூடத்தில் நன்றாக ஒருமுறை வியர்த்ததும், அவர் உடம்பில் பின்னால் எந்த இடம் கெடப்போகிறதோ அங்கே ஒரு பை வந்துவிடும். இரட்டைத் தையல், பிசிறில்லாத மூலைகள். தன் கைவேலையைவிட அது நன்றாக இருக்கிறதே என்பதுதான் ஆரம்பத்தில் தையல்காரிக்கு இருந்த ஒரே வருத்தம். சுமை ஏற்றுபவருக்கு வலது அடிவயிற்றில் வந்தது. மறு வருஷம் அவருக்குக் குடல்வாலை எடுத்தார்கள், பை மறைந்தது. சீப்பு வைக்க இடமில்லாமல் கொஞ்ச நாள் தவித்துப்போனார்.

சேதி காப்பீட்டுக் கம்பெனியின் காதுக்கு எட்டியது. பை உள்ளவர்களுக்குக் காப்பீடு கிடையாது என்று அது சொல்ல, காப்பீடு இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. அதிலிருந்து ஆட்கள் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டார்கள், பைமேல் துண்டைத் தொங்கவிட்டார்கள். போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று ஒருவரும் மருத்துவரிடம் போகவில்லை. இருமலைக்கூட விழுங்கினார்கள்.

அந்த வாரத்தில்தான் தையல்காரியின் கணவருக்குப் பை வந்தது, இடது மார்பில். அவர் உலையில் வேலை பார்ப்பவர், எதற்கும் அசராதவர். "ஊர் உலகத்துல எல்லாருக்கும் சட்டையில பாக்கெட் அங்கதான் இருக்கு. இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பையைப் பிரித்தாள். பிரித்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மாலை அவர் திரும்பி வந்தபோது பை அதே இடத்தில் இருந்தது, இந்த முறை மூடியோடு. "பரவாயில்ல, மழைக்கும் தாங்கும்" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் வைத்தியம் போகும், அப்புறம் இந்த மனிதரின் சிரிப்பும் போகும்.

அதிகாரி கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். சீருடை இல்லாமல் யாரும் உலைக்கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அங்கே பையைவிடப் பழைய விதி. காவலாளி அவரை நேராகத் தையல் அறைக்கு அனுப்பினார். தையல்காரி தோளையும் மார்பையும் அளந்தாள். அளவு நாடாவைப் பிடித்தபடியே கேட்டும்விட்டாள்.

"எங்க வீட்டுக்காரர என்ன பண்ணப் போறீங்க, சார்?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. எரியப்போற வீடுன்னு தெரிஞ்சா அதுக்கு யாராவது இன்ஷூரன்ஸ் கொடுப்பாங்களா?"

"எரியவே எரியாத வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எதுக்கு, சார்? கையத் தூக்குங்க."

பை இல்லாத புதுச் சட்டையில் அவர் உள்ளே போனார். உலை வாயைத் தாண்டும்போது வியர்த்தது. இடது மார்பில் ஒன்று, ஈரல் பக்கம் ஒன்று, இரண்டு முட்டியிலும், நடு முதுகில் பெரிதாக ஒன்று என்று வரிசையாகப் பைகள் வந்தன. முட்டியில் வந்தவை கால்சட்டையில் வந்தன; அது அவருடைய சொந்தத் துணி, இருந்தாலும் பை பாரபட்சம் பார்க்கவில்லை. கூடம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"சார் சந்தைக்கே போயிட்டு வரலாம்" என்றார் சுமை ஏற்றுபவர்.

அதிகாரி தையல் அறைக்குத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்தார். "இதப் பிரிச்சுத் தர முடியுமாம்மா? எங்க ஆபீஸ்லயும் இதே சட்டம்தான்."

"பிரிச்சா மூடியோட வரும், சார்."

வெகுநேரம் அவர் முட்டிப் பைகளையே தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளியைக் கூப்பிட்டு, சட்டை என்றிருந்தால் பை இருக்கத்தான் செய்யும், இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டார். சீருடையை அவர் திருப்பித் தரவில்லை.

ஆட்கள் சட்டையை நேராகப் போட்டார்கள், மருத்துவரிடம் பையைக் காட்டி வைத்தியம் கேட்டார்கள். தையல்காரியின் கணவருக்கு இருந்த இதய அடைப்பைக் காப்பீட்டுச் செலவிலேயே நீக்கினார்கள். அவருடைய பை சின்னதாகியது, மறையவில்லை. தினப்படி மாத்திரையை அதில்தான் வைத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சட்டையை விடவில்லை. முதலாளியும் விதியை மாற்றினார். இப்போது காவலாளி மாலையில் ஒவ்வொரு பையையும் உதறி, கண்ணாடித் தூளைக் கொட்டிவிட்டுத்தான் ஆட்களை வெளியே விடுகிறார்.

போன மாதம் அடுக்கும் பிரிவில் சேர்ந்த பெண் ஒருத்தி தையல் அறைக்கு வந்து, போனை வைக்க இடமில்லை, எல்லாருக்கும் பை இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று சண்டை பிடித்தாள்.

"வரும், வரும்" என்றாள் தையல்காரி, ஊசியில் நூல் கோத்தபடி. "இங்க யாருக்கும் வராமப் போனதில்ல. அதுவரைக்கும் கையில வச்சுக்கோ."