கோமளாவின் குரல்

அஞ்சம்மாளின் கணவர் சுப்பராயலு தொண்டை வீங்கி மூச்சடைத்துச் செத்தபோது, சேலையூரே விஷக்கடி என்று முடிவு கட்டியது. அதற்கு முன்பும் அவருக்கு முகமும் கையும் திடீரென்று வீங்கும். வேப்பிலை அடிப்பார்கள், மூன்றாம் நாள் வற்றிவிடும். தானாகவே வற்றுகிற வீக்கம் அது. நல்ல பெயரை மட்டும் வேப்பிலை தட்டிக்கொண்டு போனது.

மகள் கோமளாவுக்கும் வீங்கத் தொடங்கிய பிறகுதான், இது பரம்பரை வியாதி என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். தினமும் மாத்திரை கொடுத்தார். "வீங்கின பிறகு போடுறது இல்லம்மா, வீங்காம இருக்கப் போடுறது. நீங்களா நிறுத்தாதீங்க. குரல் மாறினா வந்து சொல்லுங்க, அளவைக் குறைக்கலாம்" என்றார். எண்பத்தாறாம் வருஷத்திலிருந்து எண்பத்தெட்டு வரை கோமளாவுக்கு வீக்கமே வரவில்லை. ஆனால் குரல் கட்டைக் குரலாகிவிட்டது. மேலுதட்டில் பூனைமுடி கறுத்தது. இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா என்று தாயும் மகளும் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

பல்லாவரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அஞ்சம்மாள் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஆம்பள மாதிரி பேசினா எவன்டி கட்டுவான்? அதான் வியாதி போயிட்ச்சே, மாத்திரைய நிறுத்து" என்றாள்.

வீக்கம் வராமலிருந்ததே மாத்திரையால்தான் என்பது அவள் புத்தியில் ஏறவில்லை. பெண்ணைக் கரையேற்றும் கவலை வந்துவிட்டால் பெற்றவளுக்கு வேறெதுவும் ஏறாது. கோமளாவும் நிறுத்தினாள். போன குரல் திரும்பி வரவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று காலை வளையல்காரம்மா வந்தாள். வளையல் கையைப் பிடித்தாற்போல் இருந்தால்தான் லட்சணம் என்று, சின்ன அளவாகப் பார்த்து, சோப்பு தடவி, கையைப் பிசைந்து பிசைந்து ஏற்றிவிட்டுப் போனாள். மாத்திரை நின்றுபோன உடம்பில், பிசைந்த கை வீங்கத் தொடங்கியது. கோமளா அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். சாயங்காலம் வந்தவர்களுக்குக் கேசரித் தட்டை நீட்டும்போது முந்தானை விலகியது. வளையல்கள் சதையில் புதைந்து, விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

அஞ்சம்மாள் பாக்குவெட்டியை எடுத்து, எல்லோர் முன்னாலும் வளையல்களை ஒவ்வொன்றாக நறுக்கினாள்.

"நல்ல நாளும் அதுவுமா கன்னிப் பொண்ணு வளையல ஒடைக்கிறியேம்மா!" என்று மாப்பிள்ளையின் தாயார் பதறினாள்.

"இவ அப்பா போனப்ப என் வளையல ஒடைச்சாங்க. இதே வீக்கம்தான். மாத்திரை போட்டாதான் இவ உசுரோட இருப்பா. நான்தான் புத்தி கெட்டுப்போய் நிறுத்தச் சொன்னேன்."

கேசரித் தட்டுகள் தரையில் இறங்கின. போகிறவர்களை வழியனுப்ப அஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை. அவள் தம்பி சிட்டிபாபு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூட்டிவந்தான்.

கேம்ப் ரோட்டில் ஆட்டோ திரும்பும்போது கோமளா கழுத்தைத் தடவினாள். "தொண்டையில இன்னாவோ மாதிரி கீதும்மா."

அஞ்சம்மாள் சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். சுப்பராயலுவுக்கு முதலில் பேச்சுத்தான் நின்றது, மூச்சு அப்புறம்.

"பேசுடி. நிறுத்தாத. எதுனா பேசிக்கினே வா."

"இன்னாத்த பேசுறது?"

"என்னைத் திட்டு."

கோமளா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திட்டத் தொடங்கினாள். மாத்திரைக்குத் திட்டினாள், வளையலுக்குத் திட்டினாள், அழுதுகொண்டே திட்டினாள். அந்தக் கட்டைக் குரல் ஆட்டோ சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்டது.

"இன்னும் சத்தமா" என்றாள் அஞ்சம்மாள்.