ஐஸ் தண்ணீரில் விரல்கள்

சாலையை உடைக்கும் பிரேக்கர் மெஷினை நிறுத்திய பிறகும் நெட்டையனின் முழங்கைவரை அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. டீ கிளாஸ் கையில் இருப்பதே தெரியவில்லை. அது பழகிப்போனதுதான். புதிதாக வந்தது வெளுப்பு. குளிரான காலைகளில் முகம் கழுவினால், இடது கையில் மூன்று விரல்கள் கோடு கிழித்தாற்போல் நடுக்கணுவரை சுண்ணாம்பாகிவிடும்.

அவன் மனைவி தையல்காரி. விரலின் அருமை தெரிந்தவள். ஒருநாள் வெளுத்திருந்த விரல்நுனியில் ஊசியால் குத்திப் பார்த்தாள். அவனுக்கு உறைக்கவில்லை. கையை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல நீலம் வந்தது, பிறகு சிவப்பு, கூடவே தீப்பட்ட மாதிரி எரிச்சல்.

"இந்த ரத்தம் எங்கதான் போயிட்டு வருது?"

"டீ குடிக்கப் போயிருக்கும்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

மெஷினின் அதிர்வு வருஷக்கணக்கில் ஏறினால் விரலுக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட்டுவிடும், குளிர் பட்டதும் சுருங்கி மூடிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. மெஷினை விடச் சொன்னார். விடாவிட்டால் மற்ற விரல்களுக்கும் பரவும் என்றார்.

நெட்டையன் மேஸ்திரியிடம் வேறு வேலை கேட்டான். நல்ல வெயில், விரல்கள் சிவப்பாகவே இருந்தன. மேஸ்திரி கையைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? உடம்பு வளையலன்னா நேரா சொல்லு."

அவன் நேரே போய், எதிரில் ஜூஸ் வண்டிக்காரரிடம் பக்கெட்டில் ஐஸ் தண்ணீர் வாங்கிவந்து, இரண்டு கைகளையும் முக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வெளுத்த விரல்களை வெளியே எடுத்தபோது வேலையாட்கள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். மேஸ்திரியே ஒரு விரலைத் தொட்டுப் பார்த்து, பிணத்தின் கை மாதிரி இருக்கிறதே என்றார்.

மனைவியின் தம்பியும் அங்கே பிரேக்கர் பிடிப்பவன். யாரும் சொல்லாமலே அவன் தன் கையைத் தண்ணீரில் விட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு விரல்கள் வெளுத்தன.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சு வெளிய சொல்லல, மாமா," என்றான்.

அடுத்து இன்னொருவன் கையை விட்டான். அவனுக்குப் பின்னால் ஒருவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி பக்கெட்டைக் காலால் தள்ளிவிட்டார். "வேடிக்கை போதும். பொழுது சாயறதுக்குள்ள அந்த முக்குவரைக்கும் உடைச்சாகணும்." நெட்டையனுக்கும் அவனுடைய பழைய மெஷினையே கைகாட்டினார்.

கம்ப்ரசர் உறுமியது. மச்சினனின் வெளுத்த விரல்கள் மெஷினின் விசையைத் தேடின. தொட்டுவிட்டதா என்று விரலுக்குத் தெரியவில்லை. குனிந்து, கண்ணால் பார்த்து, அழுத்தினான்.