பச்சையாகிப்போன தொட்டிகள்

ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்துக் கதவை அவள் திறந்தாள். வெளுத்து மஞ்சளாக நிற்க வேண்டிய புல் தொட்டிகளெல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. புல்வெளிக்கான புல் வகைகளை அந்த மண்ணில் வளர்த்து, எது வெளுக்கிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கோடை முழுக்க, இளம் இலைகளின் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் ஏறுவதைக் குனிந்து குனிந்து பார்த்து மதிப்பெண் போட்டிருந்தாள். கழுத்து வலிதான் மிச்சம். இப்போதுதான் வகைகள் பிரிந்து தெரியத் தொடங்கியிருந்தன.

யார் செய்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அச்சகத்தை மூடி வேலை போனதிலிருந்து அவள் கணவர் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார். எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’. தனியாக விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்ற வந்தபோது அவரையும் கூட்டி வந்திருந்தாள். உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தவர், “என்ன, புல்லுக்கு ரத்தசோகையா?” என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு. அவள் சிரித்துவிட்டாள்.

“ஆமாங்க. ஒத்துப்பாக்கறதுக்கு அந்த ஓரத்து வரிசைக்கு மட்டும் இரும்புக் கரைசல் அடிப்போம்” என்று தெளிப்பானைக் காட்டிவிட்டு, குழாயைத் திறக்கப் பக்கத்துக் கூடத்துக்குப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

துறைத் தலைவர் வந்து தொட்டிகளுக்கிடையே மெதுவாக நடந்தார். “உள்ள யாரும்மா வந்தது?”

“எங்க வீட்டுக்காரர் சார். நான்தான் கூட்டிட்டு வந்தேன்.”

அவர் கத்தியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். “எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி விதைச்சிடுங்க. இனிமே வெளியாள் வேண்டாம்மா.”

அன்று முழுக்கப் பிடுங்கினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் கணவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்தவர் முகம் மழித்து, சட்டை மாற்றியிருந்தார்.

“புல்லு எப்படி இருக்கு?”

கூட்டி வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. “பச்சையாயிடுச்சுங்க.”

“எல்லாமா?”

“எல்லாமே.”

“பின்ன? பாக்கவே பாவமா இருந்துச்சு. மருந்தப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம இருந்தா எப்படி?” தானே தலையாட்டிக்கொண்டார். “வர்ற ஞாயித்துக்கிழமயும் வரேன். நீ உக்காரு, டீ போடறேன்.”

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து செருப்பு வாரை அவிழ்த்தாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. அடுப்படிக்குப் போகத் திரும்பியவர் அவளுடைய பாதத்தருகே எதையோ கண்டு குனிந்தார். செருப்படியில் ஒட்டியிருந்த புல் ஒன்றைப் பக்குவமாகப் பிரித்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நல்ல பச்சை. அடியில் வெள்ளை மண் ஒட்டிய வேர் தொங்கியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை நிமிர்த்தாமல் அடுத்த செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.